ஈயம் பட்ட கை

கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் வாங்கிவிடக்கூடிய ஒரு சாமானை, வீட்டில் உட்கார்ந்து நான்கு நாள் செய்தேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "ஏன் ஐயா, உமக்குக் கதை எழுத விஷயம் தீர்ந்துபோய்விட்டதா?" என்று விசாரித்தார். தீரவில்லை. அந்த நான்கு நாளில் கண்டதையும் கேட்டதையும் வைத்துக்கொண்டு ஒரு சண்டையே போடலாம் என்று தோன்றுகிறது. போடத்தான் போகிறேன்.

சாமான் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரியல் கம்பிக்கும் ரேடியோப் பெட்டிக்கும் நடுவில் வைக்கிற சிறிய பெருக்கி அது. பிரீ-ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். தூர தேசத்திலிருந்து இளைத்துக் களைத்து வந்து சேருகிற அலையை வாசலிலேயே கைபிடித்து, கொஞ்சம் தெம்பூட்டி, உள்ளே அனுப்புகிற காரியம் அதனுடையது. என்னிடம் பழைய சிற்றலை ரேடியோ ஒன்று இருக்கிறது. பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலியை விட்டுப் போனபோதே அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை. சாயங்கால வேளைகளில் 13 மீட்டர் பகுதியில் முள்ளைத் திருப்பினால், யார் யாரோ முணுமுணுக்கிற சப்தம் கேட்கும். அந்த முணுமுணுப்பைச் சொற்களாகக் கேட்க வேண்டுமென்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

கிட்டாக வாங்கினேன். ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு. ஜே310 என்று முதுகில் பொறித்த மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்று. சில ரெசிஸ்டர்கள், கபாசிட்டர்கள். திருகித் திருப்புகிற டிரிம்மர் ஒன்று. சிவப்புச் சாயம் பூசிய அரை அங்குல இரும்புத்தூள் வளையம் ஒன்று. அதன்மேல் சுற்றுவதற்குக் கொஞ்சம் செப்புக் கம்பி. கூடவே ஒரு தாள். "முதலாவது: ஆர்1ஐ அதன் இடத்தில் செருகிப் பற்றவைக்கவும். இரண்டாவது: ஆர்2ஐச் செருகிப் பற்றவைக்கவும்." இப்படியே கடைசி வரைக்கும். எதற்காக வைக்கிறோம், வைத்தால் என்ன நடக்கும், நடக்காவிட்டால் எங்கே பார்ப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

அந்தச் சமயம் என் அக்காளும் அவள் மகனும் லீவுக்கு வந்திருந்தார்கள். பையன் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறான். நல்ல மார்க் வாங்குகிறவன். 'கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்' என்று அவனைக் கூப்பிட்டேன். உறையைப் பிரித்து மேஜைமேல் கொட்டியவுடன் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"மாமா, இதிலே 104ன்னு போட்டிருக்கே, இது என்னது?"

"நீதானடா சொல்லணும்?"

அவன் விழித்தான். சின்ன வயசில் ரேடியோக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த புண்ணியத்தில் அது எனக்குத் தெரிந்திருந்தது. பத்துக்குப் பின்னால் நான்கு சைபர், ஒரு லட்சம் பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். சொன்னேன். "ஓ, இதுதானா அது!" என்றான். கணக்கில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறான், கண்ணால் பார்த்ததில்லை.

"காலேஜ் லேபில என்னடா செய்வீங்க?"

"ஆறு பேருக்கு ஒரு போர்டு மாமா. எல்லாம் ஏற்கெனவே மாட்டி வெச்சிருப்பாங்க. ஒருத்தன் வயரைச் சொருகுவான். மத்தவங்க ரீடிங்கைப் பார்த்து எழுதிக்குவோம்."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சமையலைப் பற்றி நான்கு வருஷம் பாடம் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்காமலே பட்டம் வாங்கப் போகிற பிள்ளை அவன். அடுப்படிக்கு விடாதது யார்? அவனா?

இருவரும் உட்கார்ந்தோம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி சென்டிகிரேடில் உருகும் என்று அவனுக்குத் தெரியும். உருகினால் மட்டும் போதாது என்பது அவனுக்குத் தெரியாது. ரெசிஸ்டரின் காலும் போர்டின் தகடும் சேர்ந்து சூடேறினால்தான் ஈயம் பரவிப் பிடிக்கும். சூடான முனையில் ஈயத்தை உருக்கி, அதைக் கொண்டுபோய் மேலே அப்பினால் முத்துப்போல் உருண்டு உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு ஒட்டினமாதிரியே இருக்கும். மின்சாரத்துக்கு வழி விடாது. நாலைந்து முத்துக்கள் உட்கார்ந்தபிறகு பையனுக்குக் கை படிந்தது. ஆறாவது இடத்தில் ஈயம் பளபளவென்று வழிந்து காலைக் கட்டிக்கொண்டதும், "மாமா, பாருங்க!" என்று அவன் போட்ட சத்தம் இருக்கிறதே, பரீட்சை முடிவு வந்தபோதுகூட அவன் அப்படிக் கத்தியதில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அக்காள் வந்தாள்.

"என்ன தம்பி இது? புகையிலே உட்கார வெச்சு, பட்டறைக்காரன் வேலையை அவன் தலையிலே கட்டறே? இதுக்கா நான் நகையை அடகு வெச்சுப் படிக்க வெச்சேன்? விடுடா அதை!"

பையன் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்துகொண்டான்.

என் அக்காள் கெட்டவள் அல்ல. ஊர் பேசுவதை அவள் பேசினாள். நம் ஊரில் படிப்பு என்பதற்கு ஒரே அர்த்தந்தான்: இனிமேல் கையை உபயோகிக்க வேண்டாம் என்று கிடைக்கிற அனுமதி. தாத்தா ஏர் பிடித்தார். அப்பா பேனா பிடித்தார். மகன் எதையுமே பிடிக்காமல் விரலால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குடும்பம் முன்னேறிவிட்டது என்று கணக்கு. இந்தக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. எந்தக் கை எதைத் தொடலாம், எதைத் தொட்டால் தீட்டு என்று பல நூறு வருஷமாக விதி செய்து, தோலையும் களிமண்ணையும் இரும்பையும் தொட்ட கைகளைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போன சமூகம் இது. விதி எழுதிய ஏட்டை மூடிவிட்டோம் என்கிறோம். ஈயத்தைத் தொட்ட பிள்ளையைப் பார்த்துத் தாய்க்குப் பதறுகிறதே, அது என்ன? அதே ஏடுதான், இப்போது அதற்குப் 'பட்டம்' என்று அட்டை போட்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள் போர்டு முடிந்தது. அக்காள் தூங்கும் நேரத்தில் பையன் வந்து வளையத்தில் கம்பியைச் சுற்றிக் கொடுத்தான். நடுத்துளைக்குள் கம்பி எத்தனை தடவை நுழைகிறதோ அத்தனை சுற்று, 20 சுற்று. 12 வோல்ட் கொடுத்தோம். ஏரியலை மாட்டினோம். ரேடியோ முன்னைவிட மோசமாக முணுமுணுத்தது.

தாளைப் பார்த்தோம். தாள் கடைசி வரியோடு முடிந்துபோயிருந்தது. பையன் நோட்டுப் புத்தகத்தில் அந்த டிரான்சிஸ்டருக்குரிய சமன்பாட்டை எழுதினான். சமன்பாடு சரியாகத்தான் இருந்தது. பெருக்கி பேசவில்லை. இன்ஜினீயர் ஆகப்போகிறவன் ஒருவனும், நாலு புஸ்தகம் எழுதிய நான் ஒருவனும், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பச்சை அட்டையின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்பு. என்னைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவர். அவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். மீட்டரின் கறுப்பு முனையை ஓரிடத்தில் வைத்தார். சிவப்பு முனையை வளையத்துக்கு இந்தப் பக்கம் வைத்தார்: 12 வோல்ட். அந்தப் பக்கம் வைத்தார்: ஒன்றுமில்லை.

"வார்னிஷைச் சுரண்டினீங்களா சார்?"

"எந்த வார்னிஷ்?"

சிரிக்கவில்லை அவர். அதுதான் பெரிய மனசு. செப்புக் கம்பியென்று நாங்கள் நினைத்தது வெறும் செம்பல்ல. அதன்மேல் செம்பு நிறத்திலேயே மெல்லிய எனாமல் பூசியிருக்கிறது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு, சுருளே இல்லாமல் போய்விடும். நுனியில் அதைச் சுரண்டாமல் வைத்தால், ஈயம் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் கம்பி தனி, போர்டு தனிதான். பிளேடால் நுனியைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தார். டிரான்சிஸ்டரின் ஒரு காலில் ஏறக்குறைய 2 வோல்ட் வந்தது. "இப்போ மூச்சு விடுது" என்றார். மொத்தம் ஐந்து நிமிஷம். காசு வாங்க மாட்டேனென்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவர் என்னையும் மீசை அரும்பிய என் மருமகனையும் 'சார்' போட்டுத்தான் பேசினார். அந்தச் சந்துக்கு வருகிறவர்கள் அவரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "ஏம்ப்பா, முடிச்சிட்டியா?" நானும் அப்படிக் கூப்பிட்டவன்தான். தெரிந்தவனுக்கு 'நீ', தெரியாதவனுக்கு 'சார்'. இதைவிட ஒரு தேசம் தன்னைத்தானே அவமானப்படுத்திக்கொள்ள வேறு வழி உண்டா?

"உங்க பையனுக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்திருக்கீங்களா?" என்று அவரைக் கேட்டிருந்தேன். "வேண்டாம் சார். அவன் பி.காம். படிக்கிறான். இந்தப் புகை என்னோட போகட்டும்" என்றார். அவருக்குக் கூலி போதவில்லை, மரியாதையும் போதவில்லை. மகனை விலக்கி வைக்கிறார். நியாயந்தான். ஆனால் நஷ்டம் யாருக்கு? அவர் விரலில் இருக்கிற நாற்பது வருஷத்துப் பாடம் எந்தப் புஸ்தகத்திலும் ஏறாமல் அந்தச் சந்தோடு முடியப்போகிறது.

இதைக் கொண்டு, படிப்பே தண்டம், ஏட்டறிவே பொய் என்று நான் சொல்லவருவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் கட்சியில் நான் இல்லை. அன்று சாயங்காலம் நடந்ததைக் கேளுங்கள்.

பெருக்கியை மாட்டி முதலில் 41 மீட்டர் பகுதியில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முள்ளை வைத்தேன். ஒரே இரைச்சல். பெருக்கி இல்லாமலிருந்தபோதே தேவலை என்று ஆகிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. அப்போது பையன் சொன்னான்: "மாமா, இது தப்பு இல்லை. கீழ்ச் சிற்றலையிலே வானத்திலேருந்து வர்ற இரைச்சலே ரேடியோவோட சொந்த இரைச்சலைவிட ஜாஸ்தி. பெருக்கி ரெண்டையும் சேர்த்துத்தான் பெருக்கும். மேலே போங்க. இந்தச் சுருளே 21 மெகாஹெர்ட்ஸுக்குச் சுத்தினதுதானே?" மேலே போனேன். டிரிம்மரை இம்மி இம்மியாகத் திருப்பினான். முணுமுணுப்பாயிருந்த குரல் மெல்ல எழுந்து சொற்களாயிற்று.

பிரீஸ் என்கிற பெல் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி 1944ல் எழுதிவைத்த விதி ஒன்றுண்டு. அடுக்கடுக்காகப் பெருக்கிகளை வைத்தால், முதல் பெருக்கி எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் மொத்தத்தின் சுத்தமும். பையன் அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். "அதனாலதான் இதை ஏரியல் பக்கத்திலே வைக்கிறோமா!" என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனுக்குப் புரிந்தது. பிறகு, மிச்ச இரைச்சலில் பாதி வீட்டுக்குள்ளிருந்தே வருகிறதென்று சொல்லி, செல்போன் சார்ஜரைப் பிடுங்கினான், எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். ஒரு விளக்கை அணைத்தவுடன் இரைச்சல் சட்டென்று அடங்கிற்று. மெக்கானிக் கையால் கண்டுபிடித்ததைப் பையனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பையன் மூளையால் கண்டதை மெக்கானிக் கண்டிருப்பாரா, சொல்ல முடியாது. இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவிடாமல் தடுத்து வைத்திருக்கிறோமே, அதுதான் என் வழக்கு.

"அதெல்லாம் பழைய காலத்துப் பைத்தியம், இன்று எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிறது" என்பார் என் நண்பர். பழைய காலத்தையே பார்ப்போம். சென்னையில் 1924 ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பை ஆரம்பித்தது சர்க்கார் அல்ல. சென்னை மாகாண ரேடியோ கிளப் என்கிற அமெச்சூர்களின் சங்கம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் அதற்கு முன்னின்றார். பணமில்லாமல் 1927ல் நின்றுபோய், கருவிகளை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938 ஜூன் 16ல்தான். ஆசைக்காகக் கம்பி முறுக்கியவர்கள் சர்க்காருக்குப் பதினான்கு வருஷம் முந்திக்கொண்டார்கள். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1941ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தருவேன் என்று அறிவித்தார். பள்ளிக்கூடத்தை ஆரம்ப வகுப்புகளோடு விட்டு வந்தவர் அவர்.

படித்தவர்கள் செய்யவில்லையா என்றால், அதற்கும் ஆளுண்டு. அமெரிக்காவில் குரோட் ரீபர் என்பவர் பட்டம் பெற்ற இன்ஜினீயர். ரேடியோ கம்பெனியில் உத்தியோகம். 1937ல் இல்லினாய் மாநிலம் வீட்டன் என்ற ஊரில், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சொந்தக் காசில், ஒன்பது மீட்டருக்குமேல் விட்டமுள்ள ஒரு கிண்ண ஏரியலைக் கட்டினார். தாமே செய்த ரிசீவரை வைத்துக் கேட்டார்; ஒன்றும் விழவில்லை. வேறொன்று செய்தார், அதுவும் ஊமை. மூன்றாவதாக 160 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்ததில்தான் பால்வீதி மண்டலத்தின் இரைச்சல் விழுந்தது. அதைக்கொண்டு வானத்துக்கே ரேடியோ வரைபடம் போட்டார். கடையில் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால், அந்தக் கடையை இன்னும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆயத்தமாக வாங்குவதில் காசு மிச்சமாகலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டுப்போனால் திறந்து பார்க்கத் தெரியாத சாமானுக்கு நான் உடைமைக்காரன் அல்ல, வாடகைக்காரன். பேச்சு நிற்கிறவரைக்கும் அனுபவித்துவிட்டு, நின்றவுடன் குப்பையில் போட்டு, மறுபடி கப்பம் கட்டப் போகிறவன். ஒரு வீட்டுக்கு இது சின்ன நஷ்டம். ஒரு தேசமே இப்படி இருந்தால் அதற்கு வேறு பெயர்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். கையால் செய்தாலே அறிவு வந்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. 'செருகு, பற்றவை, செருகு, பற்றவை' என்று மட்டும் சொல்லுகிற தாள், லேபில் ரீடிங் எழுதவைக்கிற வாத்தியாருக்கு உடன்பிறப்பு. அமெரிக்காவில் பென்டன் ஹார்பர் என்ற ஊரிலிருந்து ஹீத்கிட் என்ற கம்பெனி, 1947ல் யுத்தத்தில் மிஞ்சிய உறுப்புகளைக் கொண்டு ஆசிலாஸ்கோப் கிட் ஒன்று போட்டு ஆரம்பித்து, 1992 வரைக்கும் கிட் விற்றது. அதன் கையேடுகளில் எப்படி இணைப்பது என்பது பாதிதான்; சுற்று எப்படி வேலை செய்கிறது, செய்யாவிட்டால் எந்த இடத்தில் என்ன பார்ப்பது என்பது மறுபாதி. வாங்குகிறவனை மனுஷனாக மதித்து எழுதிய கையேடு. எனக்கு வந்த தாளில் 'கம்பி நுனியைச் சுரண்டவும்' என்ற மூன்று வார்த்தைக்கு இடமிருந்திருக்காதா?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பட்டம் கொடுக்கும் முன் ஒவ்வொரு மாணவன் கையிலும் கெட்டுப்போன ஒரு போர்டைக் கொடுங்கள். பழுதைக் கண்டுபிடித்து எழுப்பினால் பட்டம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். அந்த மெக்கானிக்கைப் போன்றவர்களை வாரத்தில் ஒரு நாள் சம்பளம் கொடுத்து லேபுக்கு அழைத்து, ஆசிரியர் நாற்காலியில் உட்கார வையுங்கள். கிட் விற்கிறவர்கள், ஏன் என்பதற்கு இன்னொரு தாள் சேர்த்துப் போடட்டும். தாய்மார்கள், பிள்ளை கையில் ஈயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லட்டும். கழுவினால் போய்விடுகிற கறை அது.

அக்காளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரி தம்பி. மார்க்ஷீட்டிலே இதுக்கு மார்க் உண்டா?"

இல்லை என்றேன். அவள் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவன் நானல்ல, மார்க்ஷீட் அச்சடிக்கிறவர்கள்.

நேற்று அந்தச் சந்து வழியாகப் போனேன். கடை வாசலில் நின்று, "வணக்கம் சார், ரேடியோ நன்றாகப் பேசுகிறது" என்றேன். அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.